சோம்பு, ஆனிஸ், அன்னாசிப்பூ: வாசகர் கேள்வியும் அக்கா பதிலும்

போன இதழ்ல கறி மசாலா பத்தி எழுதறப்ப "சோம்பை அளந்து போடுங்க, அன்னாசிப்பூவை எண்ணிப் போடுங்க"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், கோபி, பவானி, கரூர், உடுமலைன்னு நாலாபக்கமும் இருந்து கேள்வி வந்து குமிஞ்சிருச்சு. எல்லாத்தையும் போட எடம் இல்லீங்க, ஒரே மாதிரி கேட்டவங்களை ஒண்ணாச் சேத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கோபிசெட்டிபாளையத்துல இருந்து ஒரு வாசகி: அக்கா, என்ற பையன் துருக்கில இருந்து வரும்போது ஆனிஸ்னு ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தானுங்க. பாத்தா சோம்பாட்டம்தான் இருக்குது, ஆனா பொடிசு. வாசம் சோம்பேதான். இது தரம் கொறைஞ்ச சோம்புங்களா, இல்ல வேற சாமானுங்களா? கொழம்புக்குப் போட்டா ஆகுங்களா?

பதில்: தரம் கொறைஞ்சதெல்லாம் இல்லீங்க அம்மிணி, அது வேற செடி, பையன் நல்ல சாமான்தான் வாங்கியாந்திருக்கான். நம்ம சோம்பும் அந்த ஆனிஸும் ஒரே குடும்பம், அந்தக் குடும்பத்துல கொத்துமல்லி, சீரகம், ஓமம், சதகுப்பை, ஏன் கேரட்டு கூட இருக்குது, பூ பூத்தா எல்லாமே குடை விரிச்சாப்பல நிக்கும். ஆனா சோம்பு தனி, ஆனிஸ் தனி.

ஒரு வெள்ளை வட்டல்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல கொட்டிப் பாருங்க. சோம்பு நீளமா, பச்சையா, மேல கோடு கோடா நல்லாத் தெரியும். ஆனிஸ் மூணுல இருந்து அஞ்சு மில்லிமீட்டர்தான் இருக்கும், சாம்பலும் பழுப்பும் கலந்த நெறம், அடி குண்டா நுனி கூம்பி இருக்கும், நெறைய மணில ஒரு சின்னக் காம்பு ஒட்டிக்கிட்டே இருக்கும், அதை வெச்சே கண்டுபிடிச்சிரலாம். பூதக்கண்ணாடி இருந்தா வெச்சுப் பாருங்க, தோல் மேல பொடிப்பொடியா ரோமம் தெரியும், சோம்புல அது இருக்காது. அப்பறம் ரெண்டையும் தனித்தனியா மென்னு பாருங்க. ஆனிஸ் எடுத்த எடுப்புலயே இனிக்கும், இனிச்சுட்டு அப்படியே போயிரும். சோம்புல இனிப்புக்குப் பின்னால கொஞ்சம் கசப்பு, சூடத்தோட சாயல்ல ஒரு காட்டம் வரும், அது ஃபென்கோன்னு ஒரு பொருள் பண்ற வேலை. ரெண்டுக்கும் பொதுவான அந்த இனிச்ச வாசம் அனெத்தோல்ங்கற எண்ணெய்ப் பொருளால வர்றது. ஆனிஸ் எண்ணெய்ல அது 80 சதவீதத்துக்கு மேல இருக்கும், அதனாலதான் வாசம் அத்தனை சுத்தமா இருக்குது.

சோம்பு நமக்கு குஜராத், ராஜஸ்தான்ல இருந்து வருது, குஜராத்துல ஊஞ்சா மார்க்கெட் சீரகத்துக்கும் சோம்புக்கும் பேர் போனது, ஈரோட்டுக்கு மஞ்சள் எப்படியோ ஊஞ்சாவுக்கு அது. ஆனிஸோட பொறந்த ஊரு மத்தியதரைக் கடலோட கெழக்குப் பக்கம், எகிப்து, துருக்கி, சிரியா அந்த வட்டாரம். ரோமாபுரிக்காரங்க பெரிய விருந்து முடிஞ்சதும் ஆனிஸ் போட்ட ஒரு கேக்கு திம்பாங்களாம், தின்னது செமிக்கறதுக்கு. நம்மூரு ஓட்டல்ல பில்லோட ஒரு தட்டு சோம்பு வருதே, அந்தப் பழக்கத்துக்கு வயசு அதிகம்னு வெச்சுக்கோங்க.

கொழம்புக்குப் போட்டா ஒண்ணும் ஆயிராது, ஆனா போட்டு வீணாக்காதீங்கன்னுதான் சொல்லுவேன், மொளகா மல்லி காரத்துல அந்த மெல்லிசான இனிப்பு காணாமப் போயிரும். இனிப்புப் பண்டத்துக்கு வெச்சுக்கோங்க. அடுத்த நோம்பிக்குக் கச்சாயம் சுடறப்ப ஏலக்கா பாதி கொறைச்சுட்டு ஒரு சிட்டிகை ஆனிஸ் நுணுக்கிப் போட்டுப் பாருங்க, வெல்லத்துக்கும் அதுக்கும் நெம்ப நல்லாச் சேரும். இத்தாலி, ஜெர்மனிப் பக்கம் பிஸ்கட்டுக்குப் போடறாங்க, அவங்க பண்ணலாம், நாம பண்ணக்கூடாதுங்களா?

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகி: யூடியூப்ல ஒரு ப்ரெட் ரெசிப்பி பாத்தேன்கா, ஒரு டீஸ்பூன் ஆனிஸ் சீட் போடச் சொல்றாங்க. கடைல கேட்டா ஒருத்தர் சோம்பு எடுத்துக் குடுக்கறாரு, இன்னொருத்தர் அன்னாசிப்பூ குடுக்கறாரு. எதைப் போடறது?

பதில்: சோம்பு போடுங்க கண்ணு. சின்னதா மெலிசா இருக்கற லக்னோ சோம்பு கெடைச்சா இன்னும் நல்லது, அதுல காட்டம் கம்மி, இனிப்பு தூக்கலா இருக்கும். ஒரு டீஸ்பூன் ஆனிஸுக்கு ஒரு டீஸ்பூன் சோம்பு, வெறும் சட்டில லேசா சூடு பண்ணி ஒண்ணு ரெண்டா இடிச்சுப் போட்டாப் போதும்.

அன்னாசிப்பூ சங்கதி வேற. அது செடியே இல்லீங்க, மரம், தென் சீனாவுலயும் வடக்கு வியட்நாம்லயும் வளர்ற மரத்தோட காய். சோம்புக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, ஆனா பாருங்க அந்த மரத்துலயும் அதே அனெத்தோல்தான் சொரக்குது, அதனால வாசம் ஒண்ணாட்டம் இருக்குது. வேகம் மட்டும் ஜாஸ்தி. ரெசிப்பில ஒரு டீஸ்பூன் ஆனிஸ்னா அன்னாசிப்பூல ரெண்டு மூணு இதழ் பொடி பண்ணுனாலே தாராளம், முழுப் பூவைத் தட்டிப் போட்டீங்கன்னா ப்ரெட்டு பிரியாணி வாசம் அடிக்கும், வூட்ல ஒருத்தரும் தொட மாட்டாங்க.

பள்ளிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்: எங்கூட்டுல புதுசா வந்த மருமக பள்ளிபாளையம் சிக்கனுக்கு சோம்புத்தூள், அன்னாசிப்பூ எல்லாம் போடுதுங்க. எங்கம்மா போடக்கூடாதுங்கறாங்க. பஞ்சாயத்து உங்ககிட்ட வருது.

பதில்: அண்ணா, என்னைய மாமியா மருமக நடுவுல நிறுத்தறீங்களே! பள்ளிபாளையம் சிக்கனைப் பொறுத்த வரைக்கும் உங்கம்மா பக்கம்தான் நாயம். அதுல என்ன இருக்குது? நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ, சின்ன வெங்காயம் கை நெறைய, கிள்ளிப்போட்ட வரமொளகா, கருவேப்பிலை, மஞ்சத்தூள், உப்பு, பல்லு பல்லா நறுக்குன தேங்கா. மசாலாப்பொடி இல்லாததுதான் அதோட பெருமையே. வெங்காயமும் கோழியும் தன் தண்ணிலயே வெந்து சுருண்டு, மொளகா எண்ணெய்ல செவந்து, தேங்காத்துண்டு ஓரம் பொன்னெறமா ஆகி வர்றப்ப ஒரு வாசம் வரும் பாருங்க, அந்த எடத்துல அரை ஸ்பூன் சோம்புத்தூள் விழுந்தாப் போச்சு, எல்லாக் கடைலயும் கெடைக்கற சிக்கன் வறுவல் ஆயிரும்.

ஆனா ஆட்டுக்கறிக் கொழம்புக்கு வந்தா மருமக பக்கமும் நாயம் இருக்குது. மல்லி, மொளகா, மொளகு, சீரகம், தேங்காவோட வறுத்து அரைக்கறப்ப கொஞ்சமா சோம்பு போடற வூடு நம்ம பக்கமும் நெறைய இருக்குது. என்ற அளவு, ஒரு கிலோ கறிக்கு ஒரு டீஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம். கடைசில போட்டு வறுங்க, மல்லியோட சேத்து மொதல்லயே போட்டா கருகிரும், கருகுன சோம்பு கசக்கும். அன்னாசிப்பூ, கல்பாசி எல்லாம் செட்டிநாட்டுப் பக்குவம், அவங்களுக்குக் கை பழகிருச்சு, அவங்க சமையலுக்கு அது அழகு. நம்ம கொழம்புக்கு ஒரு பூவு போட்டாலும் மல்லி வாசத்தை அமுக்கிரும். மருமகளைத் திட்டாம ஒரு நாளைக்கு ரெண்டு விதமாவும் ஆக்கச் சொல்லி சாப்பிட்டுப் பாருங்க, உங்களுக்கும் ரெண்டு வட்டல் கறி கெடைக்கும்ல.

பெருந்துறைல இருந்து, பேர் வேண்டாம்னு எழுதுன ஒரு அம்மிணி: கொழந்தைக்கு ரெண்டு மாசம் ஆகுதுங்க்கா. பொழுதோட வயிறு உப்பி அழுகுது. எங்க அம்மாயி சோம்புத் தண்ணி குடுங்கறாங்க, பக்கத்து வூட்டுல அன்னாசிப்பூ போட்டுக் கொதிக்க வெச்சுக் குடுத்தா உடனே அடங்கும்ங்கறாங்க. குடுக்கலாங்களா?

பதில்: குடுக்காதீங்க கண்ணு. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் வெளையாட்டாப் பதில் சொல்ல மாட்டேன்.

மொதல்ல அன்னாசிப்பூ. நாம சமையலுக்கு வாங்கறது சீன அன்னாசிப்பூ, அது பெரியவங்க சோத்துல போடற அளவுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா ஜப்பான் அன்னாசிப்பூன்னு அச்சு அசல் அதே மாதிரி இன்னொண்ணு இருக்குது, அது வெஷம். அனிசாட்டின்னு ஒரு நஞ்சு அதுல இருக்குது, நரம்பைத் தாக்கி வலிப்பே வர வெச்சிரும். ஜப்பான்ல அதைத் திங்கறதுக்கு வெக்க மாட்டாங்க, சாமிக்கும் சமாதிக்கும் வெக்கறது, ஊதுபத்திக்குப் போறது. காஞ்சு ஒடைஞ்சு தூளா மூட்டைல கலந்துருச்சுன்னா வாங்கற நாமளோ விக்கற கடைக்காரரோ கண்ணால பாத்துப் பிரிக்கவே முடியாது. அமெரிக்காவுல 2003ல இந்த அன்னாசிப்பூ டீ குடிச்சு, வயித்து வலிக்குன்னு குடுத்த கைக்கொழந்தைங்க உட்பட பல பேருக்கு வாந்தி, வலிப்புன்னு வந்து, அவங்க உணவு மருந்துத் துறையே இந்த டீயைக் குடிக்காதீங்க, கொழந்தைக்குக் குடுக்காதீங்கன்னு எச்சரிக்கை விட்டுச்சு. பக்கத்து வூட்டுக்காரங்க நல்ல மனசுலதான் சொல்லியிருப்பாங்க, ஆனா வேண்டாம்.

சோம்புத் தண்ணில அந்த நஞ்சு இல்ல, அது வாஸ்தவம். இருந்தாலும் ஆறு மாசம் முடியற வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ரெண்டு மாசக் கொழந்தை வயிறு எம்மாத்தூண்டு, அதுல தண்ணி போனா பால் குடிக்கறது கொறையும். பால் குடிச்சதும் தோள்ல போட்டு நல்லா ஏப்பம் விட வெய்ங்க. அழுகை நிக்கலைன்னாலோ, காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மாட்டேங்குதுன்னாலோ, அம்மாயி கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, அன்னைக்கே கொழந்தை டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போயிருங்க. அம்மாயிக்கு வேணா சாப்பாட்டுக்கு அப்பறம் ஒரு டம்ளர் சோம்புத் தண்ணி வெச்சுக் குடுங்க, சந்தோசப்படுவாங்க.

கரூர்ல இருந்து ஒரு வாசகர்: நான் ஏற்றுமதிக் கம்பெனில இருக்கேன்கா. ஃப்ராங்ஃபர்ட் கண்காட்சிக்குப் போனப்ப ஒரு துருக்கி பையர் விருந்து குடுத்தாரு, தண்ணியாட்டம் தெளிவா இருந்த சரக்குல தண்ணி ஊத்துனதும் பாலாட்டம் வெள்ளையாயிருச்சு. சோம்பு வாசம். கலப்படமோன்னு பயந்து வெச்சுட்டேன், அவரு சிரிச்சாரு. அது என்னதுங்க்கா?

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை என்கிட்டக் கேக்கற தைரியத்துக்கே பதில் சொல்லணும். அது ரக்கி, துருக்கிக்காரங்க சிங்கப்பால்னு செல்லமாச் சொல்றது. கிரேக்கத்துல ஊஸோ, லெபனான்ல அரக், ஃப்ரான்ஸ்ல பாஸ்டிஸ்னு மத்தியதரைக் கடலோரம் பூரா இதே சங்கதிதான், எல்லாத்துலயும் ஆனிஸோ அன்னாசிப்பூவோ அந்த வாசம் இருக்கும்.

வெள்ளையாகறது கலப்படத்தால இல்ல, அந்தச் சரக்கோட கொணமே அதுதான். அனெத்தோல் ஒரு எண்ணெய்ப் பொருள்னு மேல சொன்னேன்ல, அது சாராயத்துல நல்லாக் கரையும், தண்ணில கரையாது. சரக்கு 40 சதவீதத்துக்கு மேல இருக்கறப்ப அத்தனையும் கரைஞ்சு கெடக்கறதால தெளிவாத் தெரியுது. தண்ணி ஊத்த ஊத்த சாராயத்தோட அளவு கொறையுது, எண்ணெய் கரைஞ்சு நிக்க முடியாம கண்ணுக்குத் தெரியாத துளித்துளியாப் பிரியுது, அந்தத் துளிங்க மேல வெளிச்சம் பட்டு செதறறதுதான் வெள்ளை. பால் வெள்ளையா இருக்கறதுக்கும் இதேதான் காரணம், அதுலயும் கொழுப்பு துளித்துளியா மெதக்குது. விஞ்ஞானிங்க இதுக்கு ஊஸோ விளைவுன்னே பேரு வெச்சுட்டாங்க. இன்னொண்ணு, சுத்தமான அனெத்தோல் 21 டிகிரிக்குக் கீழ போனா ஒறைஞ்சிரும், மார்கழில ஊட்டில வெச்சா பாட்டில்ல தேங்காயெண்ணெயாட்டம் கெட்டியாயிரும். அதனாலதான் அந்தச் சரக்கை ஃப்ரீசர்ல வெக்காதீங்கன்னு சொல்றாங்க, படிகம் படிகமா நிக்கும்.

வூட்டுல இந்த ஆராய்ச்சி பண்ண வேண்டாம் தம்பி. பையர் சிரிச்சா ஆர்டர் கெடைச்சுதான்னு எழுதவே இல்லையே?

உடுமலைல இருந்து ஒரு விவசாயி: தென்னைக்கு நடுவுல கொஞ்சம் எடம் இருக்குதுங்க. கடை சோம்பையே வெதைச்சா மொளைக்குங்களா? ஆனிஸ் நம்ம பக்கம் வருங்களா?

பதில்: அண்ணா, கடை சோம்பு புதுசா இருந்தா மொளைக்கும், பழைய சரக்கா இருந்தா ஒண்ணும் வராது. ஒரு ஈரத்துணில பத்து சோம்பு மணியை மடிச்சு வெச்சுப் பாத்துட்டு அப்பறம் மண்ணுல கை வெய்ங்க. வெவசாயமாப் பண்றதுன்னா மட்டும் வெதைக்குன்னே விக்கறதை வாங்குங்க.

ரெண்டுமே வெயில் விரும்பி, ஆனா சூடு விரும்பி இல்ல, இந்த வித்தியாசம் முக்கியம். தென்னை நெழல்ல வெச்சா தழை தழையா வளரும், மணி கட்டாது, அதனால வெயில் விழற ஓரமாப் பாருங்க. அடைமழை ஓஞ்சு கார்த்திகைல வெதைச்சா பனிக்காலம் பூரா வளந்து பூ எடுக்கும், பங்குனி வெயிலுக்குள்ள ஆனிஸ் முடிஞ்சிரும், அதுக்கு நாலு மாசம் போதும். சோம்புக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனிஸுக்கு ஆணிவேர், நாத்து விட்டுப் புடுங்கி நட்டா முரண்டு பண்ணும், நேரா நெலத்துலயே வெதைச்சுட்டுக் கலைச்சு விடுங்க. மொளைக்கவே ரெண்டு மூணு வாரம் எடுக்கும், மொளைக்கலைன்னு மண்ணைக் கிண்டிப் பாக்காதீங்க. தண்ணி தேங்கக்கூடாது, களிமண்ணா இருந்தா விட்டுருங்க, செம்மண் நல்லது. பூ வர்றப்ப அசுவினி அப்பும், அன்னாடம் ஒரு சுத்து பாத்துக்கோங்க.

பூவை வெச்சே எது எதுன்னு தெரிஞ்சுக்கலாம், சோம்புப்பூ மஞ்ச, ஆனிஸ்பூ வெள்ளை. சோம்பு ஆள் ஒசரத்துக்குப் போகும், ஆனிஸ் முழங்கால் தாண்டி கொஞ்சம் நிக்கும், அடியில இருக்கற எலை அகலமா, மேல போகப் போக நூலாட்டம் மெலிஞ்சு வரும். மணி பச்சை போயி சாம்பல் தட்டறப்ப குடையோட அறுத்து, காயிதப்பைக்குள்ள தலைகீழாக் கட்டித் தொங்க விடுங்க, காஞ்சு அதுவா உதிரும். மொத வருசம் ஒரு பாத்தியோட நிறுத்திக்கோங்க, இதுக்கு நம்ம மண்டிகள்ல வெலை கேக்கற ஆளு கெடையாது, வித்துத் தீக்கறது உங்க தலைவலி ஆயிரும்.

கோயமுத்தூர்ல இருந்து ஒரு வாசகி: கொரோனா சமயத்துல அன்னாசிப்பூல வைரஸ் மாத்திரை பண்றாங்கன்னு வாட்ஸப்ல வந்துச்சு. எங்கூட்டுல இன்னும் கஷாயம் ஓடுது. நெசந்தானுங்களா?

பதில்: பாதி நெசம். டாமிஃப்ளூன்னு ஒரு மாத்திரை, இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலுக்கு, கொரோனாவுக்கு இல்ல. அதைப் பண்ண ஷிகிமிக் அமிலம்னு ஒரு மூலப்பொருள் வேணும், அதை அன்னாசிப்பூல இருந்துதான் எடுத்தாங்க. 2005ல பறவைக் காய்ச்சல் பயத்துல எல்லா நாடும் மாத்திரைக்கு ஓடுனப்ப சீனாவுல அன்னாசிப்பூவுக்கு ஏக கிராக்கி. அப்பறம் பாக்டீரியாவை வெச்சே அந்த அமிலத்தைத் தயாரிக்கக் கத்துக்கிட்டாங்க. ஆனா அந்த அமிலமே மருந்து இல்லீங்க, அதை பேக்டரில படிப்படியா மாத்தித்தான் மருந்தாக்கறாங்க, பூவை அடுப்புல கொதிக்க வெச்சா அந்த மாத்தம் நடக்காது. இரும்புத்தாதுவை வேக வெச்சா அருவா வருமா? ஜப்பான் பூ கலந்திருந்தா கண்ணுக்குத் தெரியாதுன்னு மேல சொன்னேன்ல, அதனால கஷாயத்தை நிறுத்திருங்க, கொழந்தைங்களுக்கும் கர்ப்பிணிக்கும் அறவே வேண்டாம்.

தாராபுரத்துல இருந்து ஒரு வாசகி: பச்சைப்பசேல்னு இருக்கற சோம்பு நல்லதா, வெளுத்தது நல்லதா?

பதில்: ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது. பாசிப்பச்சைல மின்னுச்சுன்னா ஒரு ஸ்பூன் எடுத்து டம்ளர் தண்ணில போட்டுப் பாருங்க, போட்ட ஒடனே தண்ணி பச்சையாச்சுன்னா சாயம், கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க. வெளுத்து வைக்கோல் நெறத்துல இருந்தா பழசு, கைல கசக்குனா வாசம் வராது. நூறு கிராமுக்கு மேல வாங்காதீங்க, தூளாவும் வாங்காதீங்க, மூடி இறுக்கமான டப்பால அடுப்புக்கு எட்ட வெய்ங்க.